ரேகை பதியாத ஓட்டக்காரன்

காலை நாலே முக்காலுக்கு என் தம்பி வைரவன் கட்டிலுக்கு அடியில் கையை விட்டு ஷூவை இழுப்பான். ஷூ மட்டும் வந்தால் பரவாயில்லை. அவன் ஜெயித்து வாங்கியவை எல்லாம் அதனோடு சேர்ந்து உருண்டு வரும். சிவப்பு மூடி போட்ட ஃப்ளாஸ்க் ஒன்று. தன்னைவிடப் பதினைந்து வயது குறைந்த இரண்டு நேப்பாளிகளை முந்தி ஓடியதற்குக் கிடைத்தது. மெடல்கள் மூன்று. அதில் ஒன்று, முந்தின நாள் டபுள் டூட்டி பார்த்துவிட்டு, இரண்டே மணி நேரம் தூங்கி எழுந்து போய், மலையோட்டத்தில் நாற்பது வயதுக்காரர்கள் பிரிவில் மூன்றாவதாக வந்ததற்கு. கம்பெனி விளையாட்டு விழாவில் ஓட்ட ஷூ கிழிந்துபோனதால் இரும்பு மூக்கு வைத்த சேஃப்டி ஷூவோடு ஓடி, அப்படியும் முதலாவதாக வந்தான். அதற்கு ஒரு குடை கொடுத்தார்கள். துபாய்க்கு வடக்கே நாங்கள் இருக்கும் ராஸ் அல் கைமாவில் வருஷத்துக்கு நான்கு நாள் மழை பெய்தால் அதிகம். அந்தக் குடையை அவன் இதுவரை விரித்ததில்லை. இருட்டில் அதன் கைப்பிடிதான் எப்போதும் ஃப்ளாஸ்கின் மேல் மோதி ‘டங்’ என்று சத்தம் எழுப்பும்.

எட்டுப் பேர் படுக்கும் அறை. அந்தச் சத்தத்துக்கு ஏழு பேரும் விழித்துக்கொள்வோம். குளச்சல்காரன் ஜஸ்டஸ், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன், போர்வைக்குள் இருந்தபடியே என்னைத்தான் பிடிப்பான்.

“அண்ணாச்சி, ஒங்க தம்பிக்கு வெளுத்தாச்சா வெளுக்கலியான்னு கண்ணு தெரியாதா? ஒருநாளு இந்தச் சாமானத்த எல்லாம் வாரி வெளிய எறிவேன், பாத்துக்கிடுங்க.”

“எறி ஜஸ்டஸு. ஓடிப் போயி எடுத்தாந்துர்றேன்” என்பான் வைரவன், லேஸைக் கட்டிக்கொண்டே.

எதைச் சொன்னாலும் அவனுக்கு ஓடுவதில்தான் போய் முடியும். கதவைத் திறப்பான். மலையிலிருந்து இறங்குகிற காற்று அறைக்குள் ஒரு சுற்றுச் சுற்றும். “கதவச் சாத்துடா!” என்று ஆறு பேர் கத்துவார்கள். ஏழாவதாகக் கத்துவது நான். என் கட்டில்தான் கதவை ஒட்டியது.

வைரவனுக்கு இப்போது நாற்பது வயது. எடை ஐம்பத்தெட்டு கிலோ. நான் அவனுக்கு ஏழு வயது மூத்தவன். எங்களுக்குச் சிவகங்கைப் பக்கம். இங்கே ஒரு டைல்ஸ் ஃபேக்டரியில் நான் பதினாறு வருஷமாக ஸ்டோரில் இருக்கிறேன். எட்டாவது வரை படித்தவன்; என் கையெழுத்து அழகு என்பதால் எடுத்துக்கொண்டார்கள். பிறகு நான்தான் தம்பியைக் கூட்டி வந்தேன். அவன் பன்னிரண்டு வருஷமாகச் சூளை வாயில் நிற்கிறான். நூறு மீட்டருக்கு மேல் நீளமான சூளை. ஒரு முனையில் பச்சை மண்ணாகப் போகும் ஓடு மறுமுனையில் டைல்ஸாக உருளைகளின் மேல் வரும். வெடித்தது, வளைந்தது, மூளி விழுந்தது எல்லாவற்றையும் ஓடும் வரிசையிலிருந்து பொறுக்கி எடுப்பது அவன் வேலை. அவன் நிற்கிற இடத்தில் ஒருமுறை என் தெர்மாமீட்டரை மாட்டிப் பார்த்தேன். ஆகஸ்டில் ஐம்பத்தொன்று. ஜனவரியிலும் நாற்பத்துமூன்று. அங்கே பத்து மணி நேரம்.

மே முதல் அக்டோபர் வரை அவன் இருக்கிற இடம் தெரியாது. டூட்டி முடிந்து வந்து ஏசிக்குக் கீழே தரையில் மல்லாந்து கிடப்பான். நவம்பர் பிறந்ததும் கழுத்தை நிமிர்த்துவான். ஃபோனில் வானிலை பார்க்க ஆரம்பிப்பான். அவனுக்கு எழுத்துத் தெரியாது. எண்களை மட்டும் பார்த்தால் அடையாளம் சொல்வான்; எழுத வராது. அந்த எண்களை ஏதோ ஊரிலிருந்து வருகிற உறவுக்காரர்கள் மாதிரி எனக்கு அறிவிப்பான்.

“அண்ணே, பத்து வந்துருச்சு.”

“வரட்டும். படு.”

“எட்டு வருதுண்ணே வியாழக்கெழம. மலை மேல நாலாம்!”

எட்டு என்றால் அவனுக்கு வேண்டப்பட்ட ஆள். ஐந்து என்றால் பெரிய மனிதர். ரெண்டு வருவதாகத் தெரிந்தால் இரவு சரியாகச் சாப்பிட மாட்டான்.

அப்படிப்பட்ட குளிரில் அவன் போட்டுக்கொண்டு ஓடுவது கைகூட இல்லாத ஒரு பனியன். அவனுக்காக நான் ஸ்வெட்டர் வாங்கினேன். இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடுகிறான். குரங்குக் குல்லா வாங்கினேன். அதற்குள் வேர்க்கடலை போட்டு வைத்திருக்கிறான். நாங்கள் தங்கியிருக்கும் கேம்ப்புக்குப் பின்னால், மழை பெய்தால் மட்டும் தண்ணீர் வரும் பள்ளத்தாக்கு ஒன்று இருக்கிறது. வாதி என்பார்கள். அதன் ஓரமாகப் போகும் சாலையில் நான்கு கிலோமீட்டர் போய், நான்கு கிலோமீட்டர் திரும்பி வருவான். வரும்போது உதடு வெளுத்திருக்கும். மூக்கு ஒழுகும். உள்ளங்கால் வெடிப்பில் ரத்தம் தெரியும். நேராக டீ வாங்கி, குடிக்காமல் இரண்டு கைக்கும் நடுவே வைத்துக்கொண்டு நிற்பான். கைக்குச் சூடு ஏறுவதற்குள் டீ ஆறிவிடும். அதன் பிறகுதான் குடிப்பான். ஆறிய டீ குடிக்கிறவன் எதற்கு டீ வாங்க வேண்டும் என்று நான் எத்தனையோ முறை கேட்டுவிட்டேன்.

சென்ற வருஷம், 2023 ஜனவரி கடைசி ஞாயிறு, என்னையும் ஜெபல் ஜைஸ் மலைக்கு இழுத்துக்கொண்டு போனான். எங்கள் கேம்ப் பஸ்ஸை ஓட்டுகிற கீழக்கரை செய்கு அலாவுதீன் பாய் தன்னுடைய பழைய காரில் ஏற்றிப் போனார். நான் மூன்று சட்டை, அதன் மேல் ஸ்வெட்டர், அதன் மேல் போர்வை. மேலே போய்ச் சேர்ந்தபோது விடிந்திருந்தது. தெர்மாமீட்டரை வெளியே நீட்டினேன். ஒன்று காட்டியது. துபாயிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து குளிரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்துவிட்டுக் காருக்குள் ஏறிக்கொண்டார்கள். அதுதான் மனிதர்கள் செய்கிற காரியம்.

இவன் இறங்கினான். எங்களுக்கு முன்னால் வந்து இரவெல்லாம் நின்றிருந்த ஒரு காரின் கூரையில் உப்புப் படிந்ததுபோல வெள்ளையாக இருந்தது. அதை விரலால் வழித்து வாயில் போட்டுக்கொண்டான்.

“டேய், டேய்! கார் அழுக்குடா அது!”

“பனிண்ணே. எங்கிட்டுமே வெலைக்குக் கெடைக்காது.”

அப்புறம் ஓடினான். அந்த மலைச் சாலை பாம்புபோல வளைந்து வளைந்து இறங்குவது. ஒரு வளைவில் மறைவான். கீழே அடுத்த வளைவில் சின்னதாகத் தெரிவான். தெரியும்போதெல்லாம் மேலே எங்களைப் பார்த்து இரண்டு கையையும் தூக்குவான். அவன் வாயிலிருந்து புகை புகையாக வருவது அவ்வளவு தூரத்திலும் தெரிந்தது. காற்று எங்கள் பக்கம் திரும்பியபோது ஒரு சத்தம் கேட்டது. என்னவோ ஏதோ என்று கண்ணாடியை இறக்கினேன். சிரித்துக்கொண்டு ஓடுகிறான். தனியாக, கெட்ட குளிரில், ஏற்றத்திலும் சிரிக்கிறான். நாற்பது வயதை நெருங்குகிறவன் யாருமில்லாத ரோட்டில் சிரித்துக்கொண்டு ஓடினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

“பாய்க்குத் தம்பி, உங்க தம்பிக்குக் கிறுக்கா, நமக்கா?” என்றார் செய்கு அலாவுதீன். தனக்கு நான் தம்பி என்கிற உரிமையில் என்னை அவர் எப்போதும் ‘பாய்க்குத் தம்பி’ என்றுதான் கூப்பிடுவார்.

“அவனுக்குத்தான்” என்றேன். பல் தந்தியடித்ததில் அவருக்குப் பாதிதான் கேட்டிருக்கும்.

ஒன்றே கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தான். புருவத்தில் ஈரம். கன்னம் கல்லாக இறுகியிருந்தது. பேச வாய் கோணியது.

“பத்து மணி நேரம் வேகுறேன்லண்ணே. இங்க வந்தாத்தான் ஆறுது.”

“ஆறுனது போதும். ஏறி உக்காரு.”

ஏறி உட்கார்ந்தவன், கண்ணாடியை ஏற்ற விடவில்லை.

அவன் எழுதப் படிக்காமல் போனதற்குக் காரணம் உண்டு. எங்கள் அப்பா சாகும்போது நான் எட்டாவது, அவன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து இரண்டு மாதம். இரண்டு பேரில் ஒருவர்தான் படிக்க முடியும் என்று ஆனது. எட்டாவது பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச மாதம்தானே என்று அம்மா வீரம்மாள் என்னை விட்டுவைத்து, அவனை ஆட்டுக் கிடை போடுகிற மாமாவோடு அனுப்பினாள். பரீட்சை முடிந்ததும் அவனைத் திருப்பி அழைத்துக்கொள்வதாகப் பேச்சு. யாரும் அழைக்கவில்லை. அதனால் அவன் பாஸ்போர்ட்டில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கட்டைவிரல் ரேகை. மற்ற எல்லாப் படிவத்திலும் அவன் பெயருக்கு நேரே இருப்பது என் கை. பாங்கு, ஃபோன் சிம், மலையோட்டத்துக்குப் பெயர் கொடுப்பது, ஒன்று விடாமல் நானே நிரப்பி, நானே ‘வைரவன்’ என்று போட்டுவிடுவேன். எழுதக் கற்றுக்கொள் என்று வருஷத்துக்கு ஒரு நோட்டு வாங்கித் தருவேன். முதல் பக்கத்தில் அழகாக அ, ஆ எழுதித் தருவேன். “அதுக்குத்தான் நீ இருக்கீல” என்பான். நோட்டு அப்படியே இருக்கும்.

2023 டிசம்பரில் ஃபேக்டரியில் புது வருகைப் பதிவு மிஷின் வைத்தார்கள். விரலை வைத்தால் பச்சை விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் உள்ளிருந்து ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில், மறுபடி முயற்சி செய்யுங்கள் என்று சொல்லும். வைரவன் விரலுக்குப் பாதி நாளுக்கு மேல் அவள் அதைத்தான் சொன்னாள். அந்த நாட்களில் வலது கட்டை விரல், ஆள்காட்டி விரல், இடது கை, எதற்கும் மசியவில்லை. ஓடிவிட்டு நேரே வந்து ஐஸ் மாதிரி விரலை வைப்பான். பின்னால் வரிசையில் நிற்கிற நாற்பது பேரும் “யல்லா! ஜல்தி!” என்று கத்துவார்கள். இவன் மிஷினைப் பார்த்துச் சிரிப்பான்.

“அக்காவுக்கு என்னைய அடையாளம் தெரியலயாம்ணே.”

எனக்கு மானம் போகும்.

டைம்கீப்பர் ஹஸ்னைன், பாகிஸ்தான்காரர். கெட்ட மனிதர் அல்ல. ஆனால் மிஷினில் இல்லாதது அவர் கணக்கில் இல்லை. சூளை வாயில் ஆள் நிற்பதை அவரே கண்ணால் பார்த்திருந்தாலும், மிஷின் ஆப்சென்ட் என்றால் ஆப்சென்ட்தான். மூன்று ஆப்சென்ட் விழுந்தால் ஒரு வார்னிங் கடிதம். மூன்று கடிதம் சேர்ந்தால் கான்ட்ராக்டைப் புதுப்பிக்க மாட்டார்கள். அவன் கான்ட்ராக்ட் பிப்ரவரி கடைசியில் முடிகிறது. டிசம்பர் 29-ஆம் தேதி இரண்டாவது கடிதம் வந்துவிட்டது. அதை வாங்கி மடித்து அவன் என்னிடம்தான் கொடுத்தான். படித்துச் சொல்ல வேண்டும் அல்லவா? படித்துச் சொன்னேன்.

“அப்ப ஊருக்கு அனுப்பிருவாங்களாண்ணே?”

“அனுப்புவாங்க.”

“நம்மூர்ல எட்டு வராதுல்ல.”

அவனுடைய கவலை அதுவாக இருந்தது. நான் கையிலிருந்த டம்ளரை வைத்த வேகத்தில் ஜஸ்டஸ் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

இதற்கெல்லாம் காரணம் குளிர்தான் என்று நான் முடிவு கட்டினேன். குளிரில் ஓடுகிறான், தோல் காய்கிறது, விரல் மரத்துப்போகிறது, ரேகை விழவில்லை. சூடாக அறையிலிருந்து எழுந்து வருகிறவர்களுக்கு எரிகிற விளக்கு இவனுக்கு ஏன் எரியவில்லை? அன்று மாலையே அவனுடைய ஓட்ட ஷூவை எடுத்துக்கொண்டு போய் ஸ்டோர் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். நான் எதை வைத்தாலும் சீட்டுக் கட்டித்தான் வைப்பேன். ‘வைரவன், ஷூ, ஒரு ஜோடி, அளவு 8’ என்று எழுதிக் கட்டினேன்.

“எத்தன நாளைக்குண்ணே?”

“ரெனியூவல் முடியிற வரைக்கும்.”

“அதுக்குள்ள குளிரு போயிருமேண்ணே.”

“போவட்டும்.”

அதோடு ஒரு நோட்டும் போட்டேன். தேதி, காலைக் குளிர் எத்தனை டிகிரி, ஓடினானா, மிஷின் ஏற்றதா. நான்கு பத்தி. ஆதாரத்தோடு அவனுக்குக் காட்டினால்தான் வாயடைக்கும் என்று நினைத்தேன்.

வாய் முதல் நாளே அடைந்துவிட்டது. அவன் ஓடவில்லை. நாலே முக்காலுக்கு எழுந்து, கதவுக்கு வெளியே படியில் பனியனோடு உட்கார்ந்திருப்பான். ஃபோனை எடுத்து எண்களைப் பார்ப்பான். எனக்குச் சொல்ல மாட்டான். அந்த வாரம் வாதியில் ஆறு டிகிரி வந்தது. அதைப் போய் எனக்குச் சொன்னவன் ஜஸ்டஸ்.

“ஆறாம் அண்ணாச்சி. அவனுக்கு ஆறு எவ்வளவு இஷ்டம்னு ஒங்களுக்குத் தெரியும்லா. போட்டும் அண்ணாச்சி, அந்தச் சூச எடுத்துக் குடுங்க. சத்தம் இல்லாம எனக்கே ஒறக்கம் வரமாட்டேங்கு.”

“வேலை போனா நீ குடுப்பியா?” என்று அவன் மேல் விழுந்தேன்.

ஒன்பது நாள் ஆயிற்று. ஜனவரி 7 இரவு உணவுக்கு முன் நோட்டை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். ஓடாத ஒன்பது நாளில் மிஷின் மறுத்தது ஆறு நாள். பழைய வருகைத் தாளை வாங்கி ஒப்பிட்டேன். அதற்கு முன் ஓடிய ஒன்பது நாளில் மறுத்தது ஐந்து. எங்கேயாவது தப்பாகப் பதிந்திருப்பேனோ என்று மூன்று முறை எண்ணினேன். நான் தப்பாகப் பதிகிறவன் அல்ல.

போய் அவன் கையைப் பிடித்து விளக்குக்குக் கீழே காட்டச் சொன்னேன். கட்டைவிரலைப் பார்த்தேன். பளபளவென்று, வழவழவென்று, மெருகு போட்ட ஓடு மாதிரி இருந்தது. ஒரு கோடு இல்லை. பன்னிரண்டு வருஷமாக நாளுக்கு ஆயிரக்கணக்கான ஓட்டின் விளிம்பை அந்த விரல்தான் தொட்டுப் பார்த்து எடுக்கிறது. குளிர் என்ன செய்யும்? நான் பூட்டி வைத்ததற்கு அர்த்தமே இல்லை. மறுநாள் ஷூவைத் திருப்பிக் கொடுத்தேன். நான் கட்டிய சீட்டை அவிழ்க்காமலே மாட்டிக்கொண்டு ஓடினான்.

செவ்வாய்க்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு டைம் ஆபீஸுக்குப் போனேன். ஹஸ்னைன் அவன் விரலைப் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கினார். மேஜை டிராயரிலிருந்து நீளமான ஒரு ரெஜிஸ்டரை எடுத்துப் போட்டார். விரல் தேய்ந்தவர்களுக்கென்று தனி ரெஜிஸ்டர் உண்டாம். தினமும் காலையில் வந்து சொந்தக் கையால் கையெழுத்துப் போட்டால் போதும்; மிஷின் தேவையில்லை.

அவ்வளவுதானா என்று எனக்கு உயிர் வந்தது. பேனாவை எடுத்துத் திறந்தேன்.

“நீ யார் பாய்?” என்றார் ஹஸ்னைன் இந்தியில்.

“அண்ணன். இவன் கையெழுத்து எப்பவும் நான்தான் போடுவேன்.”

“மாஃபி, நடக்காது. ஆடிட் வந்தால் என்னைக் கேட்பான். ஆள் இவன், கை உன்னுடையதா? அப்னா ஹாத்.” சொந்தக் கை வேண்டும் என்று தன் கையைத் தூக்கிக் காட்டினார்.

“அப்ப ரேகை வைக்கட்டும்.”

ஹஸ்னைன் என்னை ஒரு பார்வை பார்த்தார். ரேகை இல்லாதவனுக்குத்தானே ரெஜிஸ்டர் என்று அந்தப் பார்வையில் இருந்தது. மூன்றாவது கடிதம் தயாராகி டிராயரில் இருப்பதாகவும், அடுத்த புதன்கிழமை காலை வரை அதை வெளியே எடுக்காமல் இருப்பதாகவும் சொன்னார். புதன்கிழமைக்குள் இவன் பெயரை இவனே எழுத வேண்டும். இல்லாவிட்டால் கலாஸ், வேலை முடிந்தது.

எட்டு நாள் இருந்தது. நான்கு எழுத்து. ஒரு நாளைக்கு அரை எழுத்து. நான் கணக்குப் போட்டுவிட்டேன். அன்று மாலையே நான்கு கோடு போட்ட நோட்டு வாங்கி, பெரிதாக, திருத்தமாக எழுதி, அவன் முன்னால் வைத்தேன்.

“நீ வேணாம்ணே.”

“நான் வேணாம்னா? வேற யாரு சொல்லிக்குடுப்பா?”

“நீ பக்கத்துல உக்காந்தா எனக்குக் கை நடுங்குது. நீ வையிவ.”

“நான் எப்படா வஞ்சேன்?”

“இந்தா, இப்ப.”

அறையில் ஒருவன் பாக்கியில்லாமல் சிரித்தார்கள். வெள்ளிக்கிழமை பார்க்கிறேன், நான் எழுதிக் கொடுத்த தாளைக் கிழித்து அதில் வேர்க்கடலைத் தோலை மடித்து வைத்திருக்கிறான். நான் பேசுவதை நிறுத்தினேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் அதைக் கவனித்த மாதிரியும் தெரியவில்லை. வழக்கமாக ஐந்தே முக்காலுக்குத் திரும்புகிறவன் ஆறு மணிக்கு வந்தான். வேலை போகப்போகிற நேரத்தில் கூடுதலாக வேறு ஓடுகிறான் என்று நோட்டில் குறித்து வைத்தேன்.

திங்கட்கிழமை காலை செய்கு அலாவுதீன் பாய் என்னைத் தேடி அறைக்கே வந்துவிட்டார்.

“பாய்க்குத் தம்பி, வெளிய வாங்க. உங்க தம்பி என் பஸ்ஸ என்ன பண்ணி வச்சிருக்கான்னு வந்து பாருங்க.”

என்னத்தை உடைத்தானோ என்று ஓடினேன். கேம்ப் முற்றத்தில் ஆறு பஸ் வரிசையாக நின்றன. இரவுப் பனி எல்லாக் கண்ணாடியிலும் வெள்ளையாகப் படிந்திருந்தது. முதல் பஸ்ஸின் முன்கண்ணாடி முழுக்க ‘வை’. ஒரு இருபது ‘வை’ இருக்கும். எல்லாம் ஆட்டுக்குட்டி மாதிரி ஒன்றுக்கொன்று முட்டிக்கொண்டு கிடந்தன. இரண்டாவது பஸ்ஸில் ‘ர’. மூன்றாவதில் ‘வ’. நான்காவதில் ‘ன்’, அதன் புள்ளி மட்டும் விரல் அழுந்தி ஓட்டை மாதிரி. ஐந்தாவது பஸ்ஸில் நான்கும் வரிசை மாறிக் கிடந்தன. ஆறாவது பஸ்ஸின் கண்ணாடியில் ஒரே ஒரு தரம், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, கோணல்மாணலாக, முழுப் பெயர். கடைசிப் புள்ளியிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

“மூணு நாளா இதே வேல. நான் வந்து துடைக்கிறதுக்குள்ள ஆறு வண்டியையும் முடிச்சிட்டு நிக்கிறான்” என்றார் பாய். “திட்டலாம்னுதான் வந்தேன். அப்புறம் உங்கள கூப்பிட்டுக் காட்டிட்டுத் திட்டலாம்னு…”

அவர் திட்டவில்லை.

வைரவன் பஸ்ஸுக்குப் பின்னாலிருந்து வந்தான். வலது கையை அக்குளில் வைத்து அமுக்கியிருந்தான்.

“யாருடா சொல்லிக்குடுத்தா?”

“ஷூவுல நீ கட்டுன சீட்டப் பாத்துத்தான்ணே. மொத நாலு எழுத்தும் என் பேருதான்னு ஜஸ்டஸு சொன்னான்.”

“தாள்ல எழுதுனா என்ன? நோட்டு எதுக்கு வாங்குனேன்?”

“தாள்ல எழுதுனா தப்பு அப்புடியே நிக்கிதுண்ணே. ஒன்னய மாதிரியே பாக்குது. இது வெயிலு வந்தா போயிரும். நாளைக்குப் புதுசா எழுதிக்கலாம்.”

“வெறும் பனியனோட நின்னு எழுதணுமா? ஸ்வெட்டரப் போடு” என்றேன்.

புதன்கிழமை வந்தது. அன்று வாதியில் ஏழு டிகிரி. இன்றைக்கு ஒரு நாள் ஓடாதே, விரல் மரத்துப்போனால் பேனா பிடிக்க முடியாது என்று முந்தைய நாளே சொல்லியிருந்தேன். ஓடினான். டைம் ஆபீஸ் வாசலில் நான் ஐந்தரையிலிருந்து நின்றேன். ஆறு மணி இரண்டு நிமிஷத்துக்கு, மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். முறைப்படி முதலில் மிஷின். மூன்று முறை வைத்தான். மூன்று முறையும் அந்தப் பெண் அதையே சொன்னாள். ஹஸ்னைன் ரெஜிஸ்டரைத் திறந்து, அன்றைய பக்கத்தை எடுத்து, ஒரு வரியில் விரலை வைத்துக் காட்டினார். இன்னொரு கையால் டிராயரைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டார்.

பேனா அவன் விரலில் நிற்கவில்லை. இரண்டு தடவை உருண்டு விழுந்தது. பின்னால் வரிசையில் “யல்லா, யல்லா” ஆரம்பித்துவிட்டது. “சொன்னேன்ல, ஓடாதன்னு சொன்னேன்ல” என்று நான் பல்லைக் கடித்தேன். ஜஸ்டஸ் வரிசையிலிருந்து விலகி வந்து தன் கையிலிருந்த டீக் கப்பை அவன் கையில் திணித்தான். அவன் அதை இரண்டு கைக்கும் நடுவே வைத்துக்கொண்டு, நாற்பது பேர் பார்க்க, ஒரு நிமிஷம் சும்மா நின்றான். நான் எடுத்து எழுதிவிடலாமா என்று என் கை பரபரத்தது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

பிறகு குனிந்தான். பஸ் கண்ணாடியில் எழுதிப் பழகியவன் அல்லவா, தோளிலிருந்து எழுதினான். ‘வை’ இரண்டு வரியைத் தின்றது. ‘ர’ கீழே மூன்றாவது வரிக்கு இறங்கியது. ‘வ’ எழுதும்போது தாள் கிழியும் என்று பயந்தேன். ‘ன்’ முடித்து, பேனாவைத் தூக்கி, அதன் தலையில் புள்ளியை ஒரு குத்து குத்தினான்.

“அரே! மூணு ஆளோட இடம்!” என்றார் ஹஸ்னைன். ரெஜிஸ்டரைத் தன் பக்கம் திருப்பி, எழுத்தையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. என்னைப் பார்த்து, சரியா என்று தலையை ஆட்டிக் கேட்டார்.

“வைரவன்” என்று படித்தேன்.

டிராயரை முழங்காலால் தள்ளி மூடினார். “ப்ரெசென்ட். கலாஸ். அடுத்த ஆள்.”

அவன் நகரவில்லை. பெயருக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. அதைப் பார்த்தான். பேனாவைத் துடைத்து என் பக்கம் நீட்டினான்.

“தேதிய நீ போடுண்ணே. நான் பேரு மட்டுந்தான் படிச்சேன்.”

போட்டேன்: 17-1-2024.